ஒரு லிட்டர் பாக்கெட், ஒரு டம்ளர் தண்ணீர்: 16 மாதக் குழந்தையின் ரத்தச் சோடியம் 166 ஆன நிகழ்வு

பின்னணி

மே மாதக் கடைசி வாரம். வட சென்னையில் ஒற்றை அறை வீடு ஒன்று. குடிக்கக் கேன் தண்ணீர், புழக்கத்துக்கு அடிபம்பு. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலிருந்தே பூக்கட்டுகிறார். பாட்டியும் கூடவே இருக்கிறார். வீட்டில் அவரை எல்லோரும் ஆயா என்றே அழைக்கிறார்கள். வீட்டின் இளைய குழந்தை 16 மாதப் பெண். இரண்டு வாரத்துக்கு முன் தடுப்பூசிக்குப் போனபோது எடை 9.2 கிலோ என்று அட்டையில் குறித்திருந்தார்கள். ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் முடிந்திருந்தது. தாய்ப்பாலும் நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. அன்று ஆறேழு முறை, திங்களன்றும் அப்படியே. செவ்வாய்க்கிழமை பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டும் துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுத்ததில் தவறில்லை. மாலை 4 மணிக்கு அம்மா முதல் பாக்கெட்டைக் கரைத்தார். அதன் பிறகு போக்கு குறையவில்லை, கூடியது. இரவு முழுவதும் குழந்தை தண்ணீருக்கு அழுதது. புதன்கிழமை மதியம் 12.30 மணிக்கு ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள்.

வந்தபோது கண்டவை

எடை 8.5 கிலோ. அதாவது 700 மில்லி நீர் போயிருக்கிறது, உடல் எடையில் ஏழரை சதவீதம். நாடித்துடிப்பு 164, காய்ச்சல் 38.2 டிகிரி. நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 3 விநாடி ஆனது. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. உச்சிக்குழி இன்னும் முழுதாக மூடவில்லை, லேசாகக் குழிந்திருந்தது. வந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை வாந்தி.

இந்த அளவு நீரிழப்பில் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு நின்று மெதுவாகப் போக வேண்டும். இந்தக் குழந்தைக்கு அப்படி நிற்கவில்லை. தோல் பிசைந்த மைதா மாவு போலத் திண்ணென்று இருந்தது. தொட்டால் வீறிட்டுக் கீச்சுக் குரலில் அழுதது; விட்டால் உடனே சொக்கியது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும் சோடியம் ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் வர வேண்டும்.

தோல் ஏமாற்றியதற்குக் காரணம் செல்சவ்வு. அதன் வழியே நீர் தாராளமாகப் போய் வரும். அக்வாபோரின் என்ற புரதத் துளைகள் இருக்கும் இடத்தில் இன்னும் வேகம். சோடியம் அப்படி நுழைய முடியாது. நுழைவது கொஞ்சம்தான், அதையும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் சுற்றுக்கு மூன்றாக வெளியே தள்ளிவிட்டு, பொட்டாசியம் இரண்டை உள்ளே இழுக்கும். எனவே ரத்தத்திலும் செல்லுக்கு வெளியே உள்ள திரவத்திலும் உப்பு ஏறினால், செல்லுக்குள் இருக்கும் நீர்தான் வெளியே வந்து ஈடுகட்டும். வெளித் திரவம் ஓரளவு நிரம்பி இருப்பதால் தோலும் நாடியும் பெரிதாகக் கெடாது. உள்ளே செல்கள் வற்றிக்கொண்டிருக்கும். அதை முதலில் காட்டிக்கொடுப்பது மூளை.

ரத்தப் பரிசோதனை 1.15 மணிக்கு வந்தது. சோடியம் 166, பொட்டாசியம் 3.3, குளோரைடு 134, பைகார்பனேட் 14 (எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல்). யூரியா 62, கிரியேட்டினின் 0.7, சர்க்கரை 158 மில்லிகிராம். ரத்தத்தில் கரைந்துள்ள பொருள்களின் மொத்தச் செறிவு, அதாவது ஆஸ்மோலாலிட்டி, கணக்கிட்டால் 351. இயல்பு 275 முதல் 295 வரை.

டம்ளர்

அவசரப் பிரிவில் எழுதிய முதல் குறிப்பில் “3 நாள் வயிற்றுப்போக்கு, ஓ.ஆர்.எஸ். கொடுக்கப்பட்டது” என்று ஒரே வரி இருந்தது. கேட்டார்கள், ஆமாம் என்றார்கள், எழுதியாயிற்று. 166 என்ற எண் வந்த பிறகுதான் செவிலியர் ஒருவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: “எதுல கலக்கினீங்கம்மா? அந்தப் பாத்திரத்தைக் காட்ட முடியுமா?”

பையிலேயே இருந்தது. வழக்கமான எவர்சில்வர் டம்ளர், வார்டு அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் 200 மில்லி. கூடவே இரண்டாவது பாக்கெட், வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டு, பாதித் தூளோடு. “பாக்கெட்டு முழுசா ஒரு டம்ளர்ல போட்டேன் சிஸ்டர். பெரியவனுக்குப் போன வருஷம் அப்படித்தான் குடுத்தேன், நல்லாயிடுச்சு.”

அவர் சொன்னது உண்மைதான். மூத்த பையனுக்கு மருந்துக் கடையில் வாங்கியது 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட், 4 கிராம் சொச்சம். இப்போது கையில் கிடைத்தது ஒரு லிட்டருக்கான பெரியது, சுமார் 21 கிராம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே மாதிரித் தூள். அம்மா பாக்கெட்டைக் கிழித்த மேல் ஓரத்தில்தான் “1 லிட்டர்” என்று அச்சாகியிருந்தது. அந்தத் துண்டு வீட்டுக் குப்பைக்குப் போய்விட்டது. படிக்கத் தெரிந்தவர், பத்தாவது வரை படித்தவர். படிக்க வேண்டும் என்று தோன்றாததற்குக் காரணம், இது அவருக்கு ஏற்கெனவே பழகிய வேலை.

20 மணி நேரத்தில் ஒன்றரைப் பாக்கெட் உள்ளே போயிருந்தது. ஒரு பாக்கெட்டில் சோடியம் 75 மில்லிமோல், ஆக 112. இந்த எடையுள்ள குழந்தையின் உடல் நீர் ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் 112 மில்லிமோல் கலந்தால் அது மட்டுமே சோடியத்தை ஏறக்குறைய 19 உயர்த்தும். பேதியில் போன நீர் மிச்சத்தைச் செய்தது.

சிறுநீர் முடிவும் இதையே சொன்னது. டிரிப் போடுவதற்கு முன் பையில் பிடித்த சிறுநீரில் சோடியம் 142. வெறும் நீரிழப்பு என்றால் சிறுநீரகம் சோடியத்தைக் கஞ்சத்தனமாகப் பிடித்து வைக்கும், வடிகட்டியதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வெளியே விடும். இங்கே கணக்குப் போட்டால் 2.4 சதவீதம் வந்தது. உப்பு அதிகம் வந்து, சிறுநீரகம் அதைக் கழிக்கப் பார்க்கிறது என்று பொருள்.

குடலில் நடந்தது

சரியாகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75, கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவு (ஆஸ்மோலாரிட்டி) 245. (2002க்கு முன்பு இருந்த பழைய கலவை 311, சோடியம் 90.) ரத்தத்தைவிடச் சற்று நீர்த்தது என்பதே இதன் சூட்சுமம்.

சிறுகுடல் செல்லின் உட்புற விளிம்பில் எஸ்ஜிஎல்டி-1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். இழுவிசை சோடியத்தின் சரிவிலிருந்து வருகிறது: செல்லின் மறுபக்கச் சவ்வில் உள்ள பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துச் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் உள்ளே அதன் அளவு குறைவாகவே நிற்கிறது. குளுக்கோஸ் பின்கதவில் ஜிஎல்யுடி-2 என்ற இன்னொரு கடத்தி வழியாக ரத்தத்துக்குப் போகும். இரண்டும் போன பாதையில் நீர் தொடரும். சோடியமும் குளுக்கோஸும் இப்படிக் கைகோத்துப் போகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் முன்வைத்தது 1960இல். காலராவில் குடல் செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் வாய்க்கால் திறந்தே கிடக்கும்போதும் இந்தக் கதவு பழுதாவதில்லை. அதனால்தான் 1971இல் பங்காவ் அகதி முகாமில் திலீப் மகாலனாபிஸ் குழு உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழி கொடுத்து அத்தனை உயிர்களைக் காக்க முடிந்தது.

அதே தூளை 200 மில்லியில் கரைத்தால் சோடியம் 375, ஆஸ்மோலாரிட்டி 1,225. கடல்நீரின் சோடியம் சராசரியாக 470 அளவில் இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கு உப்புள்ள நீரைக் குழந்தை குடித்திருக்கிறது. எஸ்ஜிஎல்டி-1 தன் வேகத்துக்கு மேல் வேலை செய்யாது. எடுத்துக்கொள்ளாத உப்பும் சர்க்கரையும் குடலுக்குள் தங்கி, செல்களின் இடுக்கு வழியாக உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கும். பேதி கூடும். கூடினால் வீட்டில் என்ன செய்வார்கள்? இன்னொரு டம்ளர் கலக்குவார்கள். இரவு 11 மணி, 2 மணி, 5 மணி என்று அம்மா சொன்ன நேரங்களைக் குறித்துப் பார்த்தால், ஒவ்வொரு முறை கொடுத்த முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு பெரிய பேதி இருந்தது.

முதல் ஆறு மணி நேரம்

ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலைக்குப் போகவில்லை என்றாலும் நாடி வேகமாக இருந்ததால், நார்மல் சலைன் கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் 90 மில்லி, ஒரு மணி நேரத்தில் ஏற்றப்பட்டது. நார்மல் சலைனின் சோடியம் 154. இந்த ரத்தத்துக்கு அதுவே சற்று நீர்த்தது. ஆனால் திடீரென இறக்காது.

அடுத்து எத்தனை மணி நேரத்தில் சோடியத்தை இறக்குவது என்பதில் குழுவுக்குள் இரண்டு கருத்து இருந்தது. கெட்டிக் கரைசல் கொடுத்தது 20 மணி நேரம்தான், ஒரு நாள்கூட ஆகவில்லை, எனவே வேகமாக இறக்கலாம் என்பது ஒன்று. பேதி மூன்று நாளாக இருக்கிறது, சோடியம் எப்போது ஏறத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, எனவே பழையதாகவே கருத வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் முடிவானது: மணிக்கு அரை மில்லிமோலுக்கு மேல் இறங்கக் கூடாது, 24 மணி நேரத்தில் 10 முதல் 12 வரை.

ஆனால் எழுதிய உத்தரவு அந்த முடிவுக்கு ஏற்றதாக இல்லை. அன்றாடத் தேவை நாளைக்கு 920 மில்லி, மணிக்கு 38. மீதி நீர்க்குறை 610 மில்லி. அதை 48 மணி நேரத்துக்குப் பரப்பினால் மணிக்கு 13, மொத்தம் 51. பழக்கத்தில் 24 மணி நேரத்துக்குப் பரப்பி 25 என்று போட்டு, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) கலந்த, பாதி உப்பே உள்ள அரை நார்மல் சலைன் மணிக்கு 63 மில்லி என்று டிரிப் பம்ப் வைக்கப்பட்டது. இலக்குக் காகிதத்தில் ஒன்றும் பம்பில் ஒன்றுமாக ஓடியது. சாதாரண பேதிக் குழந்தைகளுக்கு நாளெல்லாம் எழுதிப் பழகிய கை, இதற்கும் அதையே எழுதிவிட்டது.

இரண்டாவது ஓட்டையை யாரும் கவனிக்கவில்லை. குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. உப்பு ஏறினால் மூளையின் உணர்விகள் தாகத்தையும் கூட்டும், உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான வாசோப்ரெசினையும் சுரக்கச் செய்யும். வாசோப்ரெசின் சிறுநீரகக் குழல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. சவ்வில் உள்ள வி-2 ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப் பொருள் உயர்கிறது, சின்னச் சின்னக் குமிழ்களில் தயாராகக் காத்திருக்கும் அக்வாபோரின்-2 சவ்வில் வந்து பதிந்து நீரைத் திரும்ப உறிஞ்சுகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் அது சிறுநீரில் போகாமல் உடலிலேயே தங்கும் நிலை இது. ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை. பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றி, இரண்டரை மணி நேரத்தில் ஏறக்குறைய 150 மில்லி கொடுத்திருந்தார். கொடுக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இரவு 7.30 மணி: சோடியம் 158. ஆறு மணி நேரத்தில் 8 இறக்கம், அனுமதித்ததைப் போல இரண்டரை மடங்கு. எண்ணைப் பார்த்து வீட்டார் மகிழ்ந்தார்கள். ஆனால் குழந்தை முன்பைவிடச் சொக்கிப் போயிருந்தது, ஒரு முறை வாந்தி எடுத்தது, குழிந்திருந்த உச்சிக்குழி தட்டையாகிச் சற்று உப்பலாகத் தெரிந்தது. 166ஐ விட இந்த 158தான் ஆபத்தான எண்.

மூளைச் செல்லின் கணக்கு

வெளியே உப்பு ஏறும்போது மூளைச் செல் சும்மா சுருங்கிக்கொண்டே போவதில்லை. முதல் சில மணி நேரத்தில் சவ்வில் உள்ள கடத்திகள் வழியாகச் சோடியம், பொட்டாசியம், குளோரைடை உள்ளே சேர்த்து நீரை ஓரளவு மீட்கும். உப்பே நிறைய சேர்ந்தால் செல்லின் புரதங்கள் கெடும். எனவே அடுத்த ஓரிரு நாளில் டாரின், மையோ-இனோசிட்டால், பீட்டெய்ன் போன்ற தீங்கற்ற கரிமப் பொருள்களைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பும். இவற்றை உள்ளே இழுக்கும் கடத்திகளைச் செல் புதிதாகத் தயாரித்துச் சவ்வில் பதிக்க வேண்டும். அதற்கு மரபணுவிலிருந்து உத்தரவு வர வேண்டும். அதனால்தான் நேரம் பிடிக்கிறது.

சிக்கல் திரும்பி வரும் வழியில். வெளியே சோடியத்தை நாம் வேகமாக இறக்கினால், நீர் அக்வாபோரின்-4 வழியாக நிமிடக் கணக்கில் மூளைக்குள் நுழைந்துவிடும். உள்ளே சேர்த்த கரிமப் பொருள்கள் வெளியேற ஒரு நாளுக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியில்தான் மூளை வீங்குகிறது, வலிப்பு வருகிறது. மணிக்கு அரை மில்லிமோல் என்ற வரம்பு அந்த மெதுவான வெளியேற்றத்துக்கு விடும் அவகாசம்.

திருத்தம்

இரவு 7.45க்கு எடுத்த முடிவுகள்: பம்ப் வேகம் 63இலிருந்து 50. திரவம் அரை நார்மலிலிருந்து முழு நார்மல் சலைன், அதே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸுடன். குழந்தை சிறுநீர் கழித்துவிட்டதால் லிட்டருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்தது. தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தினார்கள். சொக்கல் தெளியும் வரை வாய்வழி எதுவும் இல்லை, உதட்டுக்கு மட்டும் ஈரப் பஞ்சு. சோடியம் பரிசோதனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

3 சதவீத சலைன் கிலோவுக்கு 3 மில்லி கணக்கில் 27 மில்லி சிரிஞ்சில் எடுத்து, பெயர் ஒட்டிப் படுக்கையருகே வைக்கப்பட்டது. வலிப்பு வந்தால் 10 முதல் 15 நிமிடத்தில் கொடுப்பதற்காக. சோடியம் ஏறிய குழந்தைக்கு மேலும் உப்பா என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்டார். வலிப்புக்குக் காரணம் அப்போது உப்பின் அளவு அல்ல, அது இறங்கிய வேகம். இறங்கியதில் சிறிதை உடனே திரும்ப ஏற்றினால் வீங்கிய செல்லிலிருந்து நீர் வெளியே வரும். அந்தச் சிரிஞ்சுக்கு வேலை வரவில்லை.

ஆயாவிடம் டியூட்டி டாக்டர் நேரடியாகப் பேசினார். “ஆயா, இப்ப தண்ணி குடுத்தா புள்ளை மூளையில நீர் கோத்துக்கும். நாளைக்கு நானே குடுக்கச் சொல்றேன்.” பாட்டிலை ஆயாவே எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்தார்.

தொடர்ந்து நடந்தது

சிகிச்சை தொடங்கிய 10ஆவது மணி நேரத்தில் சோடியம் 158, இறக்கம் நின்றது. 16இல் 156. விடியற்காலையில் குழந்தை கண் விழித்து அம்மாவைத் தேடியது. 20ஆவது மணியில் சரியாகக் கரைத்த ஓ.ஆர்.எஸ். ஸ்பூனில் 5 மில்லி வீதம் தொடங்கியது, வாந்தி இல்லை. பிறகு தாய்ப்பால், அதில் சோடியம் மிகக் குறைவு என்பதால் ஊட்டிய நிமிடங்களைக் குறித்து, நீர்க் கணக்கில் சேர்த்தார்கள். 24ஆவது மணியில் 154, மொத்த இறக்கம் 12, அனுமதித்த எல்லையின் ஓரத்தில். 40இல் டிரிப் நிறுத்தம். 48இல் 147, 60இல் 143.

மலத்தில் காலராக் கிருமி இல்லை. ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. துத்தநாகம் 20 மில்லிகிராம் 14 நாள். ஐந்தாம் நாள் எடை 9.1 கிலோவோடு வீடு திரும்பினார்கள். ஒரு மாதம் கழித்து வந்தபோது நடை, பார்வை, பேச்சு எல்லாம் வயதுக்கு ஏற்ற மாதிரி இருந்தன.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

முதல் மாற்றம் கேள்வித்தாளில். “ஓ.ஆர்.எஸ். கொடுத்தீர்களா” என்ற வரியை எடுத்துவிட்டு, “எந்தப் பாக்கெட், எவ்வளவு தண்ணீர், பாத்திரத்தைக் காட்டுங்கள்” என்று வைத்தார்கள். இந்தக் கேள்வி வாசலிலேயே வந்திருந்தால், ரத்த முடிவுக்குக் காத்திருந்த முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது, சோடியம் 150க்கு மேல் உள்ள குழந்தைக்கு 48 மணி நேரக் கணக்கு அச்சிட்ட தனித்தாள். இலக்கு, பம்ப் வேகம், வாய்வழி போகும் ஒவ்வொரு மில்லி, மூன்றும் ஒரே பக்கத்தில். துணைக்கு இருப்பவரிடம் தண்ணீர் பற்றிச் சொன்னதற்கு ஒரு கட்டமும் அதில் உண்டு.

டிரிப்பே தேவைப்பட்டதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அதிர்ச்சி நிலை இல்லாத குழந்தைக்குச் சோடியம் ஏறிய நீரிழப்பிலும் வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோ சரியான ஓ.ஆர்.எஸ். கொடுப்பது பாதுகாப்பான வழி. இங்கே ஒரு மணி நேரத்தில் மூன்று வாந்தி, சொக்கல் இரண்டும் இருந்ததால் டிரிப் நியாயமே. ஆனால் 20ஆவது மணி வரை காத்திருக்காமல், குழந்தை தெளிந்த விடியற்காலையிலேயே வாய்வழிக்கு மாறியிருக்கலாம்.

வீட்டுக்குச் சொல்லி அனுப்பும் முறையும் மாறியது. பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கழுத்து வரை. முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். கொஞ்சம் தூள், கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் பிரித்தால் விகிதம் கெடும். சின்னதுக்கு ஒரு டம்ளர். சர்க்கரை, ஜூஸ், உப்பு எதுவும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனால் கீழே ஊற்றிவிட வேண்டும். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி. வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்து ஸ்பூனில். கலக்கியவர் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானம் இதற்கு மாற்று ஆகாது. சர்க்கரை அதிகம், சோடியம் போதாது, அதுவும் குடலுக்குள் நீரை இழுக்கும்.

இதையெல்லாம் வாயால் சொல்லி முடித்த பிறகு, அம்மாவையே ஒரு பாக்கெட் கலக்கச் சொல்கிறார்கள். வீடு திரும்பும் நாளில் இந்தத் தாய் கலக்கினார். பாக்கெட்டின் மேல் ஓரத்தைக் கிழிக்காமல், கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, எழுத்துக்குக் கீழே மூலையில் வெட்டினார்.